ஒரு மங்கள வார்த்தை நேரம்

பட்டினப்பாக்கத்தில் லூயிசாவிடம் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு "சீக்கிரம்" என்று சொல்லக் கூடாது. சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. மந்தைவெளியிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற ஒருவர், துண்டு இன்னும் மெல்லிசாக வேண்டும், நேரமாகிறது என்று இரண்டு முறை சொன்னார். லூயிசா கத்தியைத் திருப்பிப் பிடியை அவர் பக்கம் நீட்டி, "இந்தா, நீயே வெட்டிக்கோ" என்றாள். அவர் வஞ்சிரத்தை முழுசாகவே பையில் போட்டுக்கொண்டு போனார். அவள் கோபம் அந்த மீன் சந்தை முழுக்கத் தெரிந்த கோபம்.

அது நேற்று வந்த கோபமும் இல்லை. அவளுடைய அப்பன் தினமும் குடித்துவிட்டு வந்து அம்மாவைப் போட்டு மிதிப்பான். பாவாடை சட்டை போட்டுக்கொண்டிருந்த வயசில் ஒருநாள் லூயிசா கரையிலிருந்து துடுப்பை எடுத்து வந்து அவன் தோளில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டதாம். அதற்கப்புறம் அந்த மனுஷன் சாகிறவரை வலது கையைத் தலைக்கு மேலே தூக்கவில்லை. கட்டிக்கொண்டவனும் ஒரே ஒரு முறை கை நீட்டினான். திருப்பி வாங்கியதை அவனால் தாங்க முடியவில்லை. கொச்சிப் பக்கம் விசைப்படகு வேலைக்கு என்று போனவன் போனவன்தான். அவள் இதையெல்லாம் பெருமையாகவும் சொல்ல மாட்டாள், வருத்தமாகவும் சொல்ல மாட்டாள். மழை பெய்தது என்பதுபோலச் சொல்வாள்.

இந்தக் கல்லுக்குள் ஈரமாக இருந்தது ஒரே ஓர் இடம்தான். தங்கச்சி லிண்டா. அம்மா போனபோது லிண்டாவுக்கு நடை பழகிய வயசு. லூயிசாதான் குளிப்பாட்டினாள், பள்ளிக்கூடம் அனுப்பினாள், சாந்தோம் கோயிலில் கல்யாணமும் செய்து வைத்தாள். மாப்பிள்ளை பவுல்சாமி, வீட்டுக்கு எதிர் வீடு. கண்ணெதிரேயே இருப்பாள் என்றுதான் கொடுத்தாள். அந்த நினைப்பில் மண் விழுந்தது.

பவுல்சாமி சாதாரண ஆள் இல்லை. கரையில் மீன் ஏலம் விடுகிறவன். அந்தச் சந்தில் இருக்கிற பெண்கள் எல்லோரும் அவன் விடுகிற ஏலத்தில்தான் கூடை எடுத்தாக வேண்டும். கோயிலில் அந்தச் சந்துக் குடும்பங்களை ஓர் அன்பியமாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். அந்த அன்பியத்துக்கும் அவன்தான் தலைவன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையில் முதல் வரிசையில் நிற்பான். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் லிண்டாவின் முடியைக் கையில் சுற்றிக்கொள்வான். சுவரில் மோதுகிற சத்தம் சந்து முழுக்கக் கேட்கும். சந்து டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளும்.

ஒருநாள் காலையில் லிண்டா அவன் கையிலிருந்து தப்பி மீன் சந்தைக்கே ஓடிவந்துவிட்டாள். அக்காவின் வெட்டுக்கட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். பவுல்சாமி துரத்தி வந்தான். கட்டைக்கு மேலே குனிந்து அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான். லிண்டாவின் நெற்றி கட்டை விளிம்பில் பட்டுக் கிழிந்து ரத்தம் வழிந்தது. லூயிசா ஒரு சீலா மீனின் தலையை எடுப்பதற்காகக் கத்தியை ஓங்கியிருந்தாள். ஓங்கிய கத்தியை இறக்கினாள். அவன் பிடித்திருந்த இடத்தில் இறக்கினாள்.

இரண்டு விரல் போயிற்று. ஒன்று மீன் தலைகளுக்கு நடுவே கிடைத்தது. இன்னொன்றைக் காக்கா கொண்டுபோய்விட்டது என்று சந்தையில் இன்றைக்கும் சொல்வார்கள். பவுல்சாமி மாடு மாதிரி கத்தினான். லூயிசா கத்தியைத் தண்ணீரில் கழுவி வைத்துவிட்டுப் போலீஸ் வருகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

போலீஸ் வந்து விசாரித்தபோது, லூயிசா வெட்டியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதற்கு முன்னால் லிண்டாவின் மண்டை உடைந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை. பக்கத்துக் கடை பிலோமினா, லிண்டாவின் ரத்தம் தன் சேலையிலேயே தெறித்திருக்க, "நா பாக்கல சார், நா நண்டு எடுத்துக்கினு இருந்தேன்" என்றாள். லிண்டாவும் வாயைத் திறக்கவில்லை. அவள் பின்னால் பவுல்சாமியின் தம்பிகள் நின்றுகொண்டிருந்தார்கள்.

லூயிசா புழல் ஜெயிலுக்குப் போனாள். அங்கே படுக்க இடம் இல்லாமல் பெண்கள் ஒருக்களித்துப் படுத்திருந்த நேரம் அது. விசாரணைக் கைதிகளில் சிலரை, காலில் மின்னணுப் பட்டை மாட்டி வீட்டிலேயே அடைத்து வைக்கும் ஏற்பாடு அப்போதுதான் சோதனையாக வந்திருந்தது. சைதாப்பேட்டை கோர்ட்டில் அவள் பெயரும் வந்தது. வீடு புகார் கொடுத்தவனின் வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறதே என்று மாஜிஸ்திரேட் தயங்கினார். பவுல்சாமி கட்டுப்போட்ட கையைக் கூப்பிக்கொண்டு எழுந்தான். "எனக்கு ஆட்சேபணை இல்லீங்க ஐயா. பொம்பள, வூட்லயே இருக்கட்டும்" என்றான். அவனுடைய பெருந்தன்மையைப் பார்த்து வக்கீல்கள்கூடத் தலையாட்டினார்கள். அது எதற்காக என்று லூயிசாவுக்கு வீடு வந்த பிறகுதான் புரிந்தது.

பட்டை மாட்ட வந்தவன் தமிழ்மாறன் என்கிற இளைஞன். கறுப்புப் பட்டையை அவள் கணுக்காலில் பூட்டினான். அலமாரிமேல் ஒரு பெட்டியை வைத்தான். பிறகு அவளை மெல்ல நடக்கவிட்டு, பட்டை அதிர்கிற இடம் பார்த்து, வாசல்படிக்கு வெளியே தரையில் மஞ்சள் பெயின்ட்டில் கோடு கிழித்தான்.

"இதத் தாண்டினா முதல்ல பட்டை அதிரும்க்கா. அது எச்சரிக்கை. உடனே உள்ள வந்துட்டீங்கன்னா எதுவும் பதிவாகாது. வரலேன்னா பெட்டி கத்தும். பெட்டி கத்திச்சுன்னா எங்க ஆபீசுக்குத் தெரிஞ்சிடும், திரும்பப் புழல்தான்."

"அதிர்றதுக்கும் கத்துறதுக்கும் நடுவுல எம்மாம் நேரம் கீது?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதுக்கா" என்று சிரித்துவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலமே பவுல்சாமி லிண்டாவை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தான். முன்பெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தவன், இப்போது கதவைத் திறந்து வைத்தான். மூன்று விரல் மிஞ்சிய கையால் அவள் முடியைப் பிடித்து நிலைப்படியில் மோதினான். "இன்னா அண்ணி, நல்லாத் தெரியுதா? கொஞ்சம் கிட்ட வந்து பாரேன்" என்று கூப்பிட்டான். லூயிசா பாய்ந்தாள். கோட்டைத் தாண்டியதும் பட்டை அதிர்ந்தது. எதிரே லிண்டா, வாயில் ரத்தத்தோடு, "வராத அக்கா! போய்டு, வராத!" என்று கத்தினாள்.

அவள் கத்தியதில் நியாயம் இருந்தது. லூயிசா புழலுக்குப் போய்விட்டால் அந்தச் சந்தில் லிண்டாவுக்கு என்று ஓர் உயிர் கிடையாது. கண்ணெதிரே அக்கா இருக்கிறாள் என்கிற ஒரே காரணத்தால்தான் அவன் இன்னும் அவளைக் கொல்லாமல் இருந்தான். அக்கா பார்ப்பதற்காக அடித்தான், பார்க்க ஆள் வேண்டும் என்பதற்காக உயிரை விட்டு வைத்தான். லூயிசா திரும்பி உள்ளே போனாள். தன் முன்கையைத் தானே கடித்தாள். தோல் பிய்ந்து ரத்தம் வந்தது. வீட்டிலிருந்த எவர்சில்வர் தட்டு ஒன்றைக்கூட அவள் நெளிக்காமல் விடவில்லை.

இது தினப்படி ஆயிற்று. பவுல்சாமி ஏலம் முடித்து வந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, டீ குடித்துவிட்டு அடிப்பான். சந்து பார்த்தது. பார்த்துக்கொண்டே துணி உலர்த்தியது, பூண்டு உரித்தது.

லூயிசா அழுதுகொண்டு உட்காரவில்லை. கோட்டுக்கு வெளியே காலை வைப்பாள். பட்டை அதிரும். அந்தக் கணத்திலிருந்து, 'அருள் நிறைந்த மரியே' என்று மாதாவைக் கூப்பிடுகிற மங்கள வார்த்தை ஜெபத்தை ஆரம்பிப்பாள், நடுவில் உள்ளே வந்துவிடுவாள். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடச் சொல்லிவிட்டு வருவாள். கடிகாரம் பார்த்து வளர்ந்தவள் இல்லை. கடலுக்குப் போன படகு கண்ணுக்குத் தெரிவதிலிருந்து கரை தொடுகிறவரை எத்தனை ஜெபம் என்று எண்ணி வளர்ந்தவள். ஒருநாள் முழு ஜெபத்தையும் சொல்லி "ஆமென்" என்றபோது பெட்டி "கீ" என்று ஆரம்பித்தது. உள்ளே குதித்தாள். போன் வந்தது.

"இன்னாக்கா இது? இந்தத் தடவை மெஷின் கோளாறுன்னு வச்சுக்கறேன். இன்னொரு தபா கத்திச்சுன்னா நான் எழுதித்தான் ஆகணும்" என்றான் தமிழ்மாறன்.

அவளுக்கு வேண்டியது தெரிந்துவிட்டது. ஒரு மங்கள வார்த்தை நேரம். அந்த நேரத்துக்குள் பவுல்சாமியின் வாசல்வரை போய்விடலாம், லிண்டாவோடு திரும்ப முடியாது. நடுச்சந்தில் இருக்கிற அடிபம்புவரை என்றால் போகலாம், வரலாம். ஆனால் லிண்டா பம்படிவரை வந்தாக வேண்டும். அவன் ஏலத்துக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவான். வந்த பிறகு கை முடியிலேயே இருக்கும்.

அக்டோபர் வந்தது. ஜெபமாலை மாதம். மாதா சுரூபம், கையில் தூக்குகிற அளவுச் சிலை, வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒருநாள் தங்கி, சாயங்காலம் அடுத்த வீட்டுக்குப் போகும். அந்தச் சந்தில் அதற்கு ஒரு முறை இருந்தது. வீட்டுப் பெண்தான் சுரூபத்தைக் கையில் எடுக்க வேண்டும். அடுத்த வீட்டுப் பெண்ணின் கையில்தான் கொடுக்க வேண்டும். நடுவே தரையில் வைக்கக் கூடாது. ஆண்கள் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு பின்னால் வரலாம், அவ்வளவுதான். வரிசைப்படி பவுல்சாமி வீட்டுக்கு அடுத்தது லூயிசா வீடு. "கொலைகாரி வூட்டுக்கெல்லாம் மாதா போவ மாட்டாங்க" என்று அன்பியத் தலைவர் அறிவித்துவிட்டார். அதைத் தாண்டி பிலோமினா வீட்டுக்குப் போகும் என்று முடிவாயிற்று. பிலோமினா சரி என்றாள்.

மறுநாள் காலை அவன் ஏலத்துக்குப் போன நேரத்தில் லூயிசா கோட்டின்மேல் வந்து நின்றாள். எதிர் வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் லிண்டாவின் முகம் தெரிந்தது. ஒரு கண் மூடிப்போய் வீங்கியிருந்தது.

"லிண்டா, நாளன்னிக்கு சாயங்காலம் மாதா உன் கையில இருப்பாங்க. பம்படி வரைக்கும் நேராத்தான வரணும்? அங்க பிலோமினா வூட்டுக்குத் திரும்பாத. என் பக்கம் திரும்பு."

"அவன் கொன்னுடுவான்க்கா."

"தினம் தினம் இன்னாடி பண்ணிக்கினு கீறான்?"

லிண்டா அக்காவின் காலிலிருந்த பட்டையைப் பார்த்தாள். "நீ தாண்டினா ஜெயிலு" என்றாள்.

"எனக்கு ஒரு மங்கள வார்த்தை நேரம் கீது. நீ பம்பு வரைக்கும் வந்துடு, மிச்சத்த நா பாத்துக்கறேன்."

சொன்ன நாள் சாயங்காலம் சந்து நிறைய ஜனம். மெழுகுவத்திகள், சாம்பிராணி, ஜெபமாலை. லிண்டா நீல அங்கி மாதாவை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். பவுல்சாமி வெள்ளைச் சட்டையில் அவளுக்குப் பின்னால் வந்தான். லூயிசா கோட்டுக்குள் வெறுங்கையோடு நின்றாள். கத்தி வேண்டாம் என்று காலையிலேயே தீர்மானித்திருந்தாள். கத்தி பேசினால் கோர்ட் கேட்கும்.

பம்படிக்கு வந்ததும் லிண்டா திரும்பினாள். அக்கா பக்கம்.

ஜெபம் ஒரு நொடி தடுக்கியது. "ஏய், எங்கடி போற?" என்றான் பவுல்சாமி. அவள் நிற்கவில்லை. அவனுக்கு அத்தனை பேர் நடுவில் முகம் கறுத்தது. அதுவரை எத்தனையோ கணக்குப் போட்டு வாழ்ந்த மனுஷன் அந்த இடத்தில் பழக்கத்துக்கு அடிமையானான். கையில் மாதா இருக்கிறாள் என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை. கொண்டை மட்டும்தான் கண்ணில் பட்டது. பிடித்து இழுத்தான். முகத்தில் ஓங்கிக் குத்தினான். லிண்டா கையால் தடுக்கவில்லை. தடுத்தால் சுரூபத்தை விட வேண்டும். இரண்டாவது குத்து மூக்கில் விழுந்தது. மூன்றாவதில் அவள் பின்னால் சாய்ந்தாள். மாதாவின் தலை பம்பு இரும்பில் மோதி உடைந்து, தண்ணீருக்குள் உருண்டது.

சந்தில் ஜெபம் அறுந்தது.

லூயிசா கோட்டைத் தாண்டினாள். பட்டை அதிர்ந்தது. அவள் வாய்விட்டு மங்கள வார்த்தையைச் சொல்லிக்கொண்டு ஓடினாள். அவன் நிமிர்வதற்குள் பின்னந்தலை மயிரைப் பிடித்தாள். பம்பின் கைப்பிடியில் அவன் முகத்தை மோதினாள். பல் உடைந்த சத்தம் கேட்டது. இன்னொரு முறை மோதினாள். அவன் கையை வீசினான். அந்தக் கையில் மிச்சம் இருந்த விரல்களைப் பிடித்துப் பின்னால் மடக்கினாள். அவன் மண்டியிட்டான். வாய் ஜெபித்தது, கை அடித்தது. இரண்டும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. ஜெபத்தின் முதல் பாதி முடிந்தது.

அந்தச் சந்தில் பிறந்தவர்களுக்கு ஒரு பழக்கம். முதல் பாதியை ஒருத்தி சொன்னால் இரண்டாம் பாதி தூக்கத்தில்கூட வாயில் வந்துவிடும். வந்துவிட்டது. பிலோமினா ஆரம்பித்தாள், சந்து முழுக்கச் சேர்ந்து சொன்னது. ஒருத்தரும் விலக்க வரவில்லை. பவுல்சாமியின் தம்பிகள்கூட உடைந்த தலையைப் பார்த்துக்கொண்டே உதடு அசைத்தார்கள். கூட்டம் சேர்ந்து சொல்கிற ஜெபம் எப்போதும் இழுவை. லூயிசாவுக்கு அந்த இழுவைக்குக் காத்திருக்க நேரமில்லை. அவன் கழுத்தில் முழங்காலை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினாள். லிண்டாவின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். லிண்டா தலையில்லாத மாதாவை இன்னும் விடாமல் அணைத்திருந்தாள். இழுத்துக்கொண்டு ஓடினாள். மஞ்சள் கோடு. படி. உள்ளே விழுந்தார்கள்.

வெளியே சந்து அப்போதுதான் "ஆமென்" என்றது. பெட்டி கத்தவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தபோது பவுல்சாமி முன்பல் இல்லாத வாயால், "அவ வெளிய வந்து அடிச்சா சார், பம்படியில வச்சு அடிச்சா" என்றான். சப்-இன்ஸ்பெக்டர் சந்து ஜனங்களைக் கேட்டார். "நா பாக்கல சார்" என்றாள் பிலோமினா. "நா ஜெபமாலைல இருந்தேன்." வரிசையாக எல்லோரும் பார்க்கவில்லை. அவனுடைய தம்பிகளும் பார்க்கவில்லை. அவர் தமிழ்மாறனுக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்தார். "அந்தம்மா கோட்டத் தாண்டினதா பதிவே இல்ல. தண்ணியில வழுக்கி விழுந்தியா?" என்று கேட்டார்.

உடைந்த சுரூபத்தைப் பற்றி எழுதிக்கொள்ள லிண்டாவிடம் வந்தார். மூக்கில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த லிண்டா, "அத அப்புறமா எழுதுங்க சார். மொதல்ல என்ன எழுதுங்க" என்றாள். கல்யாணமான மறுநாளிலிருந்து ஆரம்பித்தாள். பவுல்சாமியின் தம்பிகள் வாசலில்தான் நின்றார்கள். அவள் நிறுத்தவில்லை. அவர் இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டு எடுத்தார். பவுல்சாமியை அங்கிருந்தே ஜீப்பில் ஏற்றினார்கள்.

அடுத்த நாள் பிலோமினா மீன் குழம்போடு வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மாதாவே உடைஞ்சுட்டாங்க லூயிசா. எங்களுக்கு அதாம்மா தாங்கல" என்றாள்.

"என் தங்கச்சி தினம் உடைஞ்சா. அது மட்டும் தாங்கிச்சா?" என்று கேட்டாள் லூயிசா. பிலோமினா பாத்திரத்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கமே வைத்துவிட்டுப் போனாள். குழம்பு அங்கேயே ஆறியது. நாய் வந்து தின்றது.

விரல் வழக்கு இன்னும் சைதாப்பேட்டையில் நடக்கிறது. பட்டை இன்னும் காலில் இருக்கிறது. இப்போதெல்லாம் காலையில் லிண்டா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகிறாள். லூயிசா கோட்டின் விளிம்பில் வந்து நிற்பாள். தங்கச்சி பம்படியை அடைகிறபோது அவள் வாயில் ஜெபம் தானாக ஆரம்பித்துவிடும். ஒன்று முடியும், இரண்டு முடியும். லிண்டா குடம் நிறையும்வரை யாரோடோ பேசிக்கொண்டு, ஈரத் தலையைக் கோதிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நிற்பாள்.

"சீக்கிரம் வாடி" என்று ஒருநாள் லூயிசா குரல் கொடுத்தாள்.

"எனக்கு இன்னாக்கா அவசரம்?" என்றாள் லிண்டா.